கொஞ்சம் பிசகிய சுருதி

நேயர்களுக்கு வணக்கம். கோயில் திருவிழாவில் இரண்டு நாதஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒரே ராகம், ஒரே பிடி. ஆனாலும் இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருக்காது. ஒன்று இம்மியளவு ஏறியிருக்கும், இன்னொன்று இறங்கியிருக்கும். அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் தெருமுனை வரை ஒலி கனத்து நிற்கிறது.

மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் பழைய அனலாக் சின்தசைசர்களின் அழகும் இதேதான். அவற்றைக் கணினிக்குள் மென்பொருளாகத் திரும்பச் செய்து சிலர் இலவசமாகவே தருகிறார்கள். பிளக்இன் என்று சொல்வோம். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1970இல் ராபர்ட் மூக்கின் நிறுவனம் மினிமூக் என்ற சின்தசைசரைக் கொண்டுவந்தது. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்க முடியும். 1978இல் புராஃபெட்-5, 1979இல் டாம் ஓபர்ஹைமின் ஓபி-எக்ஸ் என்று, பல சுரங்களைச் சேர்த்து வாசிக்கும் கருவிகள் வந்தன. சேர்ந்து ஒலிக்கும் சுரம் ஒவ்வொன்றையும் ஒரு குரல் என்பார்கள். ஓபி-எக்ஸில் ஒவ்வொரு குரலுக்கும் தனி மின்சுற்று அட்டை. எட்டுக் குரல் என்றால் எட்டு அட்டை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்தக் கருவிகளில் மின்னழுத்தம்தான் சுருதி. ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும் என்பது பரவலான கணக்கு. அதில் ஆயிரத்தில் ஐந்து பங்கு பிசகினாலே நல்ல காது கண்டுபிடித்துவிடும். மின்சுற்றில் இருக்கும் டிரான்சிஸ்டரோ சூடு ஏற ஏறக் குணம் மாறுகிற பொருள். புராஃபெட்-5இல் சுருதியைச் சரிசெய்வதற்கென்றே ஒரு பொத்தான் வைத்தார்கள். 1983இல் யமஹா டிஎக்ஸ்7 வந்தது. முழுக்க டிஜிட்டல், சுருதி அசையாது. எல்லோரும் அதன் பக்கம் போய்விட்டார்கள்.

அப்புறம்தான் பழையதன் அருமை தெரிந்தது. இன்று நல்ல நிலையில் உள்ள ஓபி-எக்ஸ் வேண்டுமென்றால் பல லட்சம் ரூபாய் ஆகும்.

கணினிக்கோ பிசகவே தெரியாது. ஆயிரம் முறை அழுத்தினாலும் அதே ஒலியைத்தான் தரும். அதனால் ஓபி-எக்ஸைப் பின்பற்றி ஓபி-எக்ஸ்டி என்ற பிளக்இன்னை எழுதியவர் பிசகையும் சேர்த்தே எழுதினார். அதில் குரலுக்குக் குரல் வேறுபாட்டைக் கூட்டவும் குறைக்கவும் தனிக் குமிழ்கள் உண்டு. நான்கு சுரங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஃபில்டருக்கான, அதாவது ஒலியின் பளிச்சைக் கூட்டிக் குறைக்கும் வடிகட்டிக்கான, அந்தக் குமிழை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு சுரம் பளிச்சென்று வரும், பக்கத்துச் சுரம் சற்று மங்கும். நான்கு பேர் நான்கு மூச்சில் பாடுவது போல் இருக்கும். முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஃபில்டரைக் கணினியில் எழுதுவது லேசான வேலை இல்லை. மின்சுற்றில் வெளியே வரும் ஒலி அந்தக் கணமே உள்ளே திரும்புகிறது. கணினியோ படிப்படியாகத்தான் நடக்கும், பொதுவாக நொடிக்கு 44,100 படிகள். திரும்ப வேண்டியது ஒரு படி தாமதித்தாலும் மேல்ஸ்தாயியில் ஃபில்டரின் சுருதியே நழுவும். அதனால் அந்தப் படியிலேயே சமன்பாட்டைத் தீர்த்துவிட வேண்டும். இதை எப்படிச் செய்வது என்று வாடிம் ஜவாலிஷின் ஒரு முழு நூலே எழுதி, 2012இல் இலவசமாகக் கொடுத்தார். சர்ஜ் என்ற சின்தசைசர் விலைக்கு விற்கப்பட்டு வந்தது. அதை உருவாக்கியவரே 2018இல் அதன் நிரலை யாரும் எடுத்து மாற்றலாம் என்று திறந்துவிட்டார். அதை வளர்க்கும் தன்னார்வலர்கள், ஓபி-எக்ஸ்டியின் திறந்த நிரலையும் எடுத்து ஓபி-எக்ஸ்எஃப் என்று வளர்த்துவருகிறார்கள். இலவசம் என்றாலே மட்டம் என்று நினைப்பவர்கள் இந்த உழைப்பைப் பார்க்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் டால் நாய்ஸ்மேக்கர் என்ற இலவசப் பிளக்இன்னைச் சொல்வேன். பழைய மடிக்கணினியிலும் ஓடும். மூக் நிறுவனம் தயாரித்து, அமெரிக்காவின் ரேடியோ ஷாக் கடைகளில் விற்ற எம்ஜி-1 சின்தசைசரின் ஒலி வேண்டுமென்றால், செர்ரி ஆடியோ என்ற நிறுவனம் அதைப் பிளக்இன்னாக இலவசமாகத் தருகிறது.

சரி, நிறுவியாயிற்றா? தயாராக வைத்திருக்கும் ஒலிகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மூல ஒலியை எழுப்பும் இரண்டு ஆஸிலேட்டரையும் ரம்பப்பல் (saw) வடிவ அலையில் வையுங்கள். ஒரே ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டாவதன் சுருதியை ஒரு மயிரிழை நகர்த்துங்கள். ஒலி மெதுவாக அலையடிக்கத் தொடங்கும். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருங்கள்.