மேசையில் நடக்கும் வேட்டை

நேயர்களுக்கு வணக்கம். அமேசான் பிரைம் வீடியோ தளத்தில் 2018 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கி, நான்கு பருவங்களும் 30 அத்தியாயங்களுமாக வளர்ந்து, 2023 ஜூலையில் நிறைவடைந்த ‘ஜாக் ரயன்’ என்னும் உளவுத் தொடரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். டாம் கிளான்சி 1984-இல் வெளிவந்த தம் நாவலில் அறிமுகப்படுத்திய இந்தப் பாத்திரத்தை, அலெக் பால்டுவின் தொடங்கிக் கிறிஸ் பைன் வரை நால்வர் திரைப்படங்களில் ஏற்றிருக்கிறார்கள். தொடரில் ஜான் கிராசின்ஸ்கி ரயனாகவும், வெண்டல் பியர்ஸ் அவருடைய மேலதிகாரி ஜேம்ஸ் கிரீராகவும் நடித்திருக்கிறார்கள்.

ரயன் ஒற்றர் அல்லர், அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வில், பயங்கரவாதிகளுக்குப் பணம் வரும் வழிகளை ஆராயும் பிரிவில் அமர்ந்திருக்கும் பகுப்பாய்வாளர். ஏமன் நாட்டில் நடக்கும் சில பணப் பரிமாற்றங்களைத் தொடர்ந்து கவனித்து, அவற்றுக்குப் பின்னால் சுலைமான் என்ற ஒரே மனிதர் இருக்கிறார் என்று முடிவு செய்கிறார். அந்தப் பெயருக்கு முகமில்லை, முகவரியில்லை. இருப்பது எண்களின் ஒழுங்கு மட்டுமே. இது வெறும் கற்பனையன்று. பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ‘ஸ்விஃப்ட்’ அமைப்பின் வழியே செல்பவை பணமல்ல, பணத்தைப் பற்றி வங்கிகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் செய்திகள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கக் கருவூலத் துறை அச்செய்திகளைப் பெற்று ஆராய்ந்து வந்ததை 2006-இல் நாளிதழ்கள் வெளிக்கொண்டு வந்தன. யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு என்ற நான்கே விவரங்களிலிருந்து ஒரு மனிதரை உருவாக்கிக் காண்பதுதான் ரயனின் தொழில்.

முதல் அத்தியாயத்தில் என்னைக் கட்டிப்போட்டது, அவர் அந்த முடிவைக் கிரீரிடம் சொல்லும் இடம். கணக்கை முடக்க வேண்டும் என்கிறார் ரயன். ஆதாரம் போதாது என்கிறார் கிரீர். இருவருமே சரி. கிரீரைத் தாண்டிக் கருவூலத் துறையின் மூலம் கணக்கை ரயன் முடக்கிவிடும்போது, துப்பாக்கி எதுவும் வெடிக்காமலேயே நமக்கு நெஞ்சு படபடக்கிறது. ஆனால் அதே அத்தியாயத்தில் அவரை ஹெலிகாப்டரில் ஏற்றி ஏமனுக்குக் கொண்டு சென்றுவிடுகிறார்கள். விசாரணை செய்வது என் வேலையன்று, அறிக்கை எழுதுவதே என் வேலை என்று அவர் மறுத்துப் பார்க்கிறார். கதை அவருக்குச் செவிசாய்க்கவில்லை. இரண்டாம் பருவத்தின் முடிவில் அவர் வெனிசுவேலா அதிபரின் மாளிகைக்குள் ஆயுதத்தோடு நுழைகிறார். படப்பிடிப்பிலும் சண்டைக் காட்சிகளிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனினும், ஒரு பகுப்பாய்வாளரின் கதையைச் சொல்ல வந்தவர்கள் பகுப்பாய்வின் விறுவிறுப்பை நம்பாமல் போனது எனக்குப் பெரிய வருத்தம்.

அந்த விறுவிறுப்பு எத்தகையது என்பதற்கு உண்மை நிகழ்ச்சி ஒன்றே போதும். 1985 முதல் சோவியத் நாட்டுக்குள் சி.ஐ.ஏ.வுக்காக வேலை செய்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பிடிபட்டார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். காட்டிக்கொடுப்பவர் யார் என்று கண்டறியும் பொறுப்பை ஏற்ற சிறு குழுவுக்கு ஜீன் வெர்ட்ஃபாய் தலைமை தாங்கினார். அவரோடு சாண்டி கிரைம்ஸ் பணியாற்றினார். ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்ற சக அதிகாரியின் நடவடிக்கைகளை நாள்வாரியாக எழுதிக்கொண்டு வந்த கிரைம்ஸ், அவருடைய வங்கிக் கணக்கு விவரங்களையும் அதே வரிசையில் சேர்த்தார். 1985 மே 17 அன்று ஏம்ஸ் சோவியத் தூதரக அதிகாரி ஒருவரோடு மதிய உணவு அருந்தியிருக்கிறார். மறுநாள் அவர் கணக்கில் 9,000 டாலர். ஜூலை 2 அன்று மீண்டும் உணவு; ஜூலை 5 அன்று 5,000 டாலர். ஜூலை 31 அன்று உணவு. அன்றைக்கே 8,500 டாலர். அந்தச் சந்திப்புகள் அலுவலகத்துக்குத் தெரிந்தே நடந்தவை. வங்கி ரசீதுகள் வேறொரு கோப்பில் கிடந்தவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பொறுமைதான் 1994 பிப்ரவரி 21 அன்று ஏம்ஸைக் கைது செய்ய வழி திறந்தது. வெர்ட்ஃபாய், கிரைம்ஸ் ஆகியோரின் பதவிப்பெயர் எதுவாக இருந்தாலும், அவர்கள் செய்தது பகுப்பாய்வாளரின் வேலையே.

பகுப்பாய்வு பிழையானால் என்ன ஆகும் என்பதும் இந்தக் கதையில் அடங்க வேண்டிய செய்தி. ஈராக்கில் நடமாடும் உயிரி ஆயுதக் கூடங்கள் உள்ளன என்று 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அறிவித்தபோது, அந்தச் செய்தி பெரிதும் ‘கர்வ்பால்’ என்ற மறைபெயர் கொண்ட ஒரே நபரின் வாக்குமூலத்தில் நின்றது. அந்த நபரைத் தன் பொறுப்பில் வைத்திருந்தது ஜெர்மன் உளவுத் துறை. போருக்குப் பின் அத்தகைய கூடம் எதுவும் கிடைக்கவில்லை. சொன்னது பொய் என்று அவரே 2011-இல் ஒப்புக்கொண்டார். ஓர் ஒற்றன் தந்த செய்தியை இன்னோர் ஒற்றனால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒருவரை ஒருவர் அறியாத மூவரின் சொல் ஒத்தால்தான் நம்ப வேண்டும் என்று திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் வகுத்த நெறி, இன்றைய உளவுத் துறைகளின் பாடத்திட்டத்தில் அப்படியே பொருந்தும்.

முதல் பருவம் இந்தப் பிழையை ஓரளவு தொட்டிருக்கிறது. அமெரிக்காவின் நெவாடாவில் இருந்தபடி ட்ரோன் இயக்கும் இளைஞர் ஒருவர், தாம் சிரியாவில் கொன்ற மனிதர் குற்றமற்றவர் என்று பின்னர் அறிந்து, இறந்தவரின் தந்தையைத் தேடிச் செல்கிறார். மையக் கதையோடு இது ஒட்டவில்லை என்று சிலர் குறைபட்டதுண்டு. எனக்கோ, தொலைதூர மேசையில் எடுக்கப்படும் முடிவு எங்கே போய் விழுகிறது என்பதைக் காட்டியதால், அந்தப் பருவத்தின் நேர்மையான பகுதியே அதுதான் என்று தோன்றுகிறது. சுலைமானின் பாரிஸ் நாள்களைக் காட்டும் காட்சிகளையும் அவ்வாறே மதிக்கிறேன்.

இன்னொரு தொடர் எடுக்க முனைவோர் 2011-இன் தொடக்க மாதங்களை ஊன்றிப் பார்க்கலாம். பாகிஸ்தானின் அபோத்தாபாத் நகரில் ஒரு வீட்டில் இருப்பவர் பின்லேடன்தானா என்ற கேள்விக்கு, அறிந்தவர்கள் தந்த மதிப்பீடுகள் 40 விழுக்காட்டிலிருந்து 95 விழுக்காடு வரை பரந்து கிடந்தன. ஏறத்தாழ 55-க்கு 45 என்ற நிலையில்தான் தாம் ஒப்புதல் தந்ததாக அதிபர் ஒபாமா பின்னர் கூறினார். அந்தத் தயக்கமான வாரங்கள் மட்டுமே எட்டு அத்தியாயங்களுக்குப் போதுமானவை. ‘ஜாக் ரயன்’ தொடரை இதுவரை பார்க்காதவர்கள் முதல் பருவத்திலிருந்தே தொடங்குங்கள். கிரீரும் ரயனும் வாதிடும் இடங்களை அவசரமாக நகர்த்திவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.