அடி எண்ண முகவரி எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

தொலைபேசித் துறையில் முப்பத்தேழு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். 1981ல் சேரும்போது டிரங்க் ஆபரேட்டர். இன்றைக்கு அந்தப் பெயரே பல பேருக்குத் தெரியாது. அப்போதெல்லாம் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் புக் செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காதில் ஹெட்செட், எதிரே பலகை நிறையத் துளைகள், கையில் அதில் செருகுகிற வயர். பாளையங்கோட்டைக்காரரை மெட்ராஸோடு சேர்த்துவிட்டு, லைன் சரியாக இருக்கிறதா என்று கொஞ்சம் காது கொடுத்துப் பார்ப்போம். மூன்று நிமிடம் ஆனதும், “த்ரீ மினிட்ஸ் ஓவர், எக்ஸ்டெண்ட் பண்ணவா?” என்று நடுவில் நுழைய வேண்டும். அப்படி நுழைகிற நேரம் பெரும்பாலும் நுழையக் கூடாத நேரமாகத்தான் இருக்கும். ஒரு முனையில் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். இல்லையென்றால் சீர்வரிசைப் பேரம் முடிகிற கட்டமாக இருக்கும்.

சேர்ந்த முதல் நாள் எங்கள் சூப்பர்வைசர் அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான். “காதில் விழுந்ததை ஹெட்செட்டோடு கழற்றி வைத்துவிட்டுப் போ.” நானும் அப்படித்தான் இருந்தேன். எத்தனை சவரனுக்குச் சண்டை நடந்தது என்று தெரிந்துகொண்டே போய், அதே கல்யாணத்தில் பாயசம் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். வாயே திறந்ததில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், போன வருஷம் என் கைக்குள்ளேயே ஓர் ஆபரேட்டர் வந்து உட்கார்ந்தது. அதற்கு இந்தப் பாடத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூன்று மாதச் சர்க்கரை 8.2 என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடக்கிறேன் என்று தலையாட்டிவிட்டு நான்கு மாதம் நடக்கவில்லை. பெங்களூரில் இருக்கிற என் மகள் தீபாவளிக்கு வந்தவள், என் போனை வாங்கி ஒரு நடைப்பயிற்சி ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். எது கேட்டாலும் ‘அலவ்’, ‘அலவ்’ என்று அவளே அழுத்திவிட்டாள். பலகாரம் பண்ணுகிற அவசரம். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பொய் சொல்லக் கூடாது, அது வேலை செய்தது. டாக்டர் சொல்லி நடக்காதவள் போன் சொல்லி நடந்தேன். காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் வ.உ.சி. மைதானம், மூன்று சுற்று, திரும்பி வந்து காபி. ராத்திரி ஒன்பது மணிக்கு, “இன்னும் 812 அடிதான் பாக்கி!” என்று அது கூப்பிடும். தவணை கேட்டு வருகிற ஆள் மாதிரி. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்து அதைக் கட்டி முடித்த நாட்கள் உண்டு. இத்தனை நாள் விடாமல் நடந்தீர்கள் என்று ஒரு நெருப்புப் படம் போட்டு எண்ணிக்கை காட்டும். நாற்பத்தொன்றாவது நாள் விடாத மழை. கணக்கு அறுந்துவிடுமே என்று பேரன் சட்டைப் பையில் போனைப் போட்டு, கூடத்தில் ஓடச் சொன்னேன். இரண்டாயிரம் அடி ஓடினான். கூலியாக ஒரு சாக்லேட் வாங்கிக்கொண்டான். சர்க்கரை யாருக்குக் குறைந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த ஆப் எனக்கு வைத்திருந்த இலக்கு தினமும் பத்தாயிரம் அடி. டாக்டர்கள் கணக்குப் போட்டுச் சொன்ன எண் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பேத்தி தேடிக் காட்டினாள். 1964ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்து முடிந்த சூட்டில், மறு வருஷம் ஒரு ஜப்பானியக் கம்பெனி இடுப்பில் மாட்டுகிற அடி எண்ணும் கருவியை விற்றது. அதற்கு ‘மன்போ கே’ என்று பெயர். பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். விற்பனைக்கு வைத்த பெயர்தான் பிறகு உலகத்துக்கே இலக்காகிவிட்டது. 2019ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி வயது 72 உள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கணக்கெடுத்தார்கள். தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவு. 7,500 அடிக்கு மேல் போனால் பெரிதாகக் கூடுதல் பலன் தெரியவில்லை. நான் ஆறாயிரமாகக் குறைத்துக்கொண்டேன். பேரனுக்கும் வேலை போய்விட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் நடந்து முடித்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த ஆப்பிலேயே ஒரு செய்தி வந்தது. யாரென்றே தெரியாத ஆள். “நாளைக்கும் ஐந்தரைக்குத்தானா மேடம்?” அவ்வளவுதான். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என் பெயரைத் தட்டினால் ஒரு வரைபடம் திறந்தது. அதில் ஒரு நீலக் கோடு எங்கள் வீட்டுக் கேட்டிலிருந்து புறப்படுகிறது. பால் பூத்தைத் தாண்டுகிறது. பிள்ளையார் கோயில் முன்னால் நான் நின்று தோப்புக்கரணம் போடுவேன் பாருங்கள், அந்த இடத்தில் கோடு ஒரு சின்ன முடிச்சுப் போட்டிருந்தது. எனக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் இருந்த விவகாரம் அது. அப்படி அறுபது, எழுபது நாள் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. எந்த வீடு, எத்தனை மணிக்குப் பூட்டிக் கிடக்கும், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று நானே எழுதித் தெருவில் ஒட்டிய மாதிரி இருந்தது. எல்லாரும் பார்க்கலாம் என்பதுதான் அந்த ஆப்பில் முதலிலேயே இருந்த ஏற்பாடு. மாற்ற வேண்டியது நாம்தானாம்.

எனக்கு மட்டும் நடந்ததில்லை இது. ஸ்ட்ராவா என்று உலகமெங்கும் ஓடுகிறவர்களும் சைக்கிள் மிதிக்கிறவர்களும் வைத்திருக்கிற ஒரு செயலி. அந்த நிறுவனம் 2017 நவம்பரில், தன் பயனாளர்கள் ஓடிய தடங்களையெல்லாம் சேர்த்து ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. அதில் யார் பெயரும் கிடையாது, ஒளிக்கோடுகள் மட்டும். 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் அதை உற்றுப் பார்த்தார். சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் எல்லாப் பக்கமும் இருட்டாக இருக்க, பாலைவன நடுவில் மட்டும் சின்னச் சின்னச் சதுரங்கள் மின்னின. ராணுவ முகாம்கள். வீரர்கள் காலையில் மதிலை ஒட்டி ஓடிய தடம். அந்த ஊர்க்காரர்கள் யாரும் இப்படி ஆப் போட்டு ஓடவில்லை என்பதாலேயே முகாம் பளிச்சென்று தெரிந்தது. பெயர் இல்லையே, அப்புறம் என்ன பயம் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். 2024 அக்டோபரில் பிரான்ஸின் லு மோந்த் பத்திரிகை இன்னொன்றைக் காட்டியது. சில நாட்டு அதிபர்களின் மெய்க்காவலர்கள் அதே செயலியில் பதிந்த ஓட்டங்களை வைத்து, அதிபர்கள் எங்கே தங்குகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடிந்தது. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்களுக்கே செட்டிங்ஸ் தெரியவில்லை என்றால், பாளையங்கோட்டையில் நான் எம்மாத்திரம்?

மகள் ஆப்பையே தூக்கி எறியச் சொன்னாள். நான் மறுத்துவிட்டேன். அதை எறிந்தால் நான் நடக்க மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். வேறு என்ன வழி என்று பார்த்தேன். அடி எண்ணுவதற்குப் போன் நம்மைப் பார்க்கவே வேண்டாம். உள்ளே ஒரு சின்ன உணரி இருக்கிறது. உடம்பு ஏறி இறங்குகிற குலுக்கலை வைத்து அது எண்ணிக்கொள்ளும். பேரன் ஓடியதை என் கணக்கில் எழுதியதும் அதுதான். அதற்கு ‘உடல் செயல்பாடு’ என்ற ஒரு அனுமதி போதும். லொகேஷன் தேவையில்லை. காண்டாக்ட்ஸ் தேவையே இல்லை. நான் அந்த இரண்டையும் நிறுத்தினேன், அடி எண்ணுவது நிற்கவில்லை. கிலோமீட்டர் கணக்கு மட்டும் கொஞ்சம் குத்துமதிப்பாகிவிட்டது. ஆகட்டுமே, நானென்ன நிலமா அளக்கிறேன்? பாதை வரைபடமும் வேண்டும் என்கிறவர்கள், புறப்படுகிற இடத்தை மறைக்கிற வசதி பல ஆப்களில் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளலாம்.

கொஞ்சம் புதிய ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள், செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் ‘பிரைவசி டாஷ்போர்டு’ என்று ஒரு பக்கம் இருக்கும், திறந்து பாருங்கள். கடந்த 24 மணி நேரத்தில் எந்த ஆப் லொகேஷனைத் தொட்டது, எது மைக்கைத் தொட்டது என்று மணி வாரியாகக் காட்டும். எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு அழைப்புக்கும் டிக்கெட் எழுதி வைப்போமே, அதே மாதிரி. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஆப்பை அழித்தால் போனில் இருப்பதுதான் போகும். கம்பெனியின் கணினிக்குப் போனது அங்கேயே இருக்கும். ‘அக்கவுண்ட் டெலிட்’ என்பது தனி வேலை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். வழக்குப் போட்டவர் புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் இருந்து ஓய்வு பெற்ற நீதிபதி. 2012ல் போட்டபோதே எண்பது வயதைத் தாண்டியவர். இந்த வயதில் உனக்கெதற்கு இதெல்லாம் என்று என் வீட்டுக்காரர் கேட்டபோது அவரைத்தான் காட்டினேன். 2023ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அதற்கு நிகரான சுலபமாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. என் மகள் நான்கு முறை தட்டிக் கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்க எனக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று.

அந்த ஆள் மறுபடி எழுதவில்லை. நான் போகிற நேரத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். எத்தனைக்கு என்று ரேடியோவில் சொல்வதாக இல்லை.

போன வாரம் மூன்று சுற்று முடித்து உட்கார்ந்ததும் ஆப் கேட்டது: “உங்கள் நண்பர்களைக் கண்டுபிடிக்கத் தொடர்புகளைப் பார்க்கலாமா?” பக்கத்தில், எக்ஸ்சேஞ்சில் எனக்கு அடுத்த சீட்டில் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தவள், மூச்சு வாங்கிக்கொண்டு செருப்பைக் கழற்றிக் கொண்டிருந்தாள். ‘வேண்டாம்’ என்பதைத் தட்டிவிட்டு, அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

வணக்கம்.