சூரியனுக்கு முன்னால் அரை விநாடி

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் மாணவர்களுக்கும் வானியல் ஆர்வலர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, ஆசிரியர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

சூரிய வட்டத்தின் நடுவே கொசுவளவில் ஒரு கறுப்பு உருவம், இரண்டு பக்கமும் இறக்கைகளோடு நிற்கும் படத்தை உங்களில் பலர் செல்போனில் பார்த்திருப்பீர்கள். அது சர்வதேச விண்வெளி நிலையம். படத்தைப் பார்த்தவர்கள் முதலில் கேட்பது, "என்ன கேமரா?" என்றுதான். அந்தக் கேள்விக்குக் கடைசியில்தான் இடம். எங்கே நிற்பது, எந்த விநாடியில் நிற்பது என்பதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. அது தெரிந்துவிட்டால் பழைய கேமராவும் போதும். அது பிசகினால் எத்தனை லட்சம் ரூபாய்க் கருவியும் வெறும் சூரியனைத்தான் படம் பிடிக்கும்.

கணக்கைப் பார்ப்போம். நிலையத்தின் நீளம் 109 மீட்டர். அது தரையிலிருந்து சுமார் 415 கி.மீ. உயரத்தில் விநாடிக்கு 7.66 கி.மீ. வேகத்தில் போகிறது. தலைக்கு நேர் மேலே வரும்போது அதன் அளவு 54 விகலை (ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை). சூரியனின் குறுக்களவு சுமார் 1,900 விகலை. அதாவது சூரியனுக்குள் 35 நிலையங்களை வரிசையாக அடுக்கலாம். சூரிய வட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக அதற்கு அரை விநாடிதான் ஆகிறது. சூரியன் சரிந்திருந்தால் நிலையம் தொலைவில் இருக்கும், கடப்பும் ஒரு விநாடிக்கு மேல் நீளும், ஆனால் உருவம் சிறுத்துவிடும். சூரியன் 60 பாகை உயரத்தில் இருந்தால் உருவம் 47 விகலை, 45 பாகையில் 39, 30 பாகையில் 29 மட்டுமே.

இங்கேதான் நம் ஊருக்கு ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் இருக்கின்றன. நாம் இருப்பது ஏறத்தாழ 10.7 பாகை வடக்கில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். அந்த நாட்களில் நண்பகலை ஒட்டிக் கடப்பு அமைந்தால் நிலையத்தை இயன்றவரை மிக அருகிலிருந்து எடுக்கலாம். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குச் சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. நஷ்டம் என்னவென்றால், நிலையத்தின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 பாகை சாய்ந்தது. அந்த 51 பாகைக்குப் பக்கத்தில்தான் அது அதிக நேரம் செலவிடுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களை விறுவிறுவென்று கடந்துவிடும். ஆகையால் நமக்கு வாய்ப்புகள் குறைவு, வரும் வாய்ப்பு நல்ல வாய்ப்பு.

இனி இடம். கடப்பு ஊர் முழுக்கத் தெரியாது. தரையில் ஒரு பட்டை விழும், அதற்குள் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். உச்சிச் சூரியனாக இருந்தால் அந்தப் பட்டையின் அகலம் 4 கி.மீ.க்குள். 30 பாகை உயரமென்றால் பாதை ஓடும் திசையைப் பொறுத்து 7 முதல் 14 கி.மீ. வரை விரியும். டிரான்சிட் ஃபைண்டர் என்ற இணையதளத்தில் உங்கள் இடத்தையும், எவ்வளவு தூரம் போகத் தயார் என்பதையும் கொடுத்தால், வரப்போகும் நாட்களின் கடப்புகளை மையக்கோட்டோடு வரைபடத்தில் காட்டும். இந்த எல்லைப் பகுதியில் அந்தக் கோடு மாநிலம் பார்த்து விழாது. வண்ணாமடைப் பக்கம் விழலாம், கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கமும் விழலாம். 50 கி.மீ. போகத் தயார் என்று கொடுங்கள், இரண்டு பக்கமும் சேர்ந்து வரும்.

மையக்கோட்டின் மேலேயே நிற்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். பட்டையின் பாதி அகலம் 1.9 கி.மீ. என்றால், மையத்திலிருந்து ஒரு கி.மீ. தள்ளி நின்றாலும் கடக்கும் நேரத்தில் 15 சதவீதம்தான் குறையும். வட்டத்தின் நாணைப் பற்றிப் பத்தாம் வகுப்பில் படித்ததுதான் இது. ஆகவே கோட்டுக்கு நேராகத் தார்ச்சாலையோரம் நிற்பதைவிட, அரை கி.மீ. தள்ளித் தண்ணீர் பாய்ச்சிய வயலுக்குப் பக்கத்தில் நிற்பது மேல். தாரும் கான்கிரீட் மொட்டைமாடியும் கொதித்து, மேலே எழும் வெப்பக்காற்று படத்தை நெளியவைக்கும். பகலில் இந்த நெளிவுதான் முதல் எதிரி. பெரிய தொலைநோக்கி வாங்கினாலும் இதிலிருந்து தப்ப முடியாது. தோட்டக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அணைக்கட்டுப் பக்கம் அனுமதி இல்லாமல் முக்காலியை விரிக்காதீர்கள்.

உயரத்தையும் கவனியுங்கள். நெல்லியாம்பதி, வால்பாறை போன்ற மலைகளில் நிற்பதாக இருந்தால் தளத்தில் கடல்மட்ட உயரத்தையும் சரியாகக் கொடுக்க வேண்டும். சூரியன் 30 பாகையில் இருக்கும்போது 1,000 மீட்டர் உயரத்தை விட்டுவிட்டால் கோடு 1.7 கி.மீ. தள்ளிவிடும்.

ஒரு வாரத்துக்கு முன் பார்த்த கணிப்பை நம்பி வண்டியேறுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 400 கி.மீ. உயரத்திலும் மெல்லிய காற்று இருக்கிறது, அது நிலையத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. சூரியன் சீறும் காலத்தில் மேல் வளிமண்டலம் உப்பி, இழுப்பு கூடுகிறது. இடையிடையே எஞ்சினை இயக்கி நிலையத்தை மேலே தூக்குவார்கள். அப்போது பழைய கணிப்பு முழுவதும் பயனற்றதாகிவிடும். நிலையம் 8 விநாடி தாமதமாக வந்தால் என்ன என்று நினைக்காதீர்கள். அந்த 8 விநாடியில் பூமி நம்மை 3.6 கி.மீ. கிழக்கே நகர்த்தியிருக்கும், பட்டை நமக்கு மேற்கே விழும். உச்சிச் சூரியனில் மையத்தில் நின்றவர் பட்டைக்கு வெளியே போயிருப்பார். எனவே கணிப்பை ஒரு வாரம் முன்பு ஒருமுறை, முந்தின இரவு ஒருமுறை, அன்று காலை கிளம்பும் முன் கட்டாயம் ஒருமுறை பாருங்கள்.

கடிகாரமும் அப்படித்தான். செல்போனை இணைய நேரத்தோடு ஒத்திசைத்தால் போதும். ஜிபிஎஸ் கருவியின் நேரத்தைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜிபிஎஸ் அமைப்பின் உள் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 18 விநாடி முன்னால் இருக்கிறது. கருவி அதைத் தானே திருத்திக்கொள்ளும், ஆனால் திருத்தத் தகவல் 12.5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. கருவியை இயக்கிக் கால் மணி நேரமாவது விடுங்கள். 18 விநாடியில் நிலையம் 138 கி.மீ. போயிருக்கும்.

அடுத்தது பாதுகாப்பு. இதில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை. சூரிய ஒளியைக் குறைக்கும் வடிகட்டியைத் தொலைநோக்கியின் முன்வாயில் பொருத்த வேண்டும், கண் வைக்கும் பக்கத்தில் அல்ல. கண்வில்லையில் திருகும் கறுப்புக் கண்ணாடி குவிந்த வெயிலில் வெடிக்கும், வெடித்த அந்த நொடியில் கண் போய்விடும். எக்ஸ்ரே பிலிம், சிடி, கூலிங்கிளாஸ் எதுவும் ஆகாது. ஆஸ்ட்ரோசோலார் போன்ற சூரியப் பிலிமை அட்டை வளையத்தில் இருபக்கப் பசைநாடாவால் ஒட்டி நீங்களே சட்டம் செய்யலாம். பிலிமை இழுத்து விறைப்பாக ஒட்டாதீர்கள், இழுத்தால் படம் கெடும், சிறு சுருக்கம் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு முறையும் பல்பு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊசித் துளை இருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்தைக் குழாயோடு மூன்று இடத்திலாவது நாடாவால் கட்டுங்கள். அம்மியே பறக்கும் ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வரும் ஊர் இது, அட்டைச் சட்டம் எம்மாத்திரம்! தொலைநோக்கியின் மேலுள்ள சிறு குறிநோக்கியை மூடி வையுங்கள், அல்லது கழற்றி விடுங்கள். சூரியனைக் கண்டுபிடிக்கக் குழாயின் நிழலைப் பாருங்கள். நிழல் மிகச் சிறிதாகும்போது குழாய் சூரியனை நோக்கியிருக்கும்.

பிலிம் இரண்டு வகை. அடர்த்தி 5.0 என்பது ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை விடும், கண்ணுக்கும் கேமராவுக்கும் ஏற்றது. 3.8 என்பது அதைவிடப் பதினாறு மடங்கு ஒளியை விடும், படத்துக்கு மட்டும். அதன் வழியே ஒருபோதும் கண் வைக்கக் கூடாது. பள்ளி மாணவர்கள் கூடும் இடத்துக்கு 3.8 பிலிமைக் கொண்டு வரவே வேண்டாம் என்பது என் கருத்து. எவ்வளவு சொன்னாலும் ஒரு பிள்ளை எட்டிப் பார்க்கும்.

இப்போது கேமரா. சூரிய பிம்பத்தின் அளவு, குவியத்தூரத்தை (ஃபோகல் லெங்த்) 109-ஆல் வகுத்தால் வரும். 1,000 மி.மீ. என்றால் 9.2 மி.மீ. சாதாரண டிஎஸ்எல்ஆரின் சென்சார் உயரம் ஏறத்தாழ 15 மி.மீ., ஆகவே 1,500 மி.மீ. வரை முழுச் சூரியனும் அடங்கும். 1,000 மி.மீ.யில் நிலையம் 60 பிக்சல் நீளம் வரும், சூரியத் தகடுகள் தனித்தனியாகத் தெரிய அது போதும். பார்லோ என்ற உருப்பெருக்கும் வில்லையைப் போட்டுப் பெரிதாக்கினால் சூரியனின் ஒரு துண்டுதான் சட்டத்துக்குள் இருக்கும். கணிப்பு சற்றே தவறினாலும் நிலையம் வெளியே ஓடிவிடும். முதல் முயற்சிக்கு முழு வட்டம் போதும்.

ஷட்டர் வேகத்தை மீட்டரில் நினையுங்கள். ஆயிரத்தில் ஒரு விநாடியில் நிலையம் 7.7 மீட்டர் நகர்கிறது, தகடுகள் குழம்பிவிடும். 1/4000-இல் 1.9 மீட்டர், இது போதும். 5.0 பிலிமும் எஃப்/8 துளையளவும் இருந்தால், ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100-இல் 1/400 வரும், ஐஎஸ்ஓ 800-க்கு ஏற்றினால் 1/3200 கிடைக்கும். அப்படி ஏற்றுவதால் படத்தில் வரும் புள்ளி இரைச்சல் பளிச்சென்ற சூரியனில் தெரியாது. மெல்லிய மேகம் ஓடினால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், ஷட்டரைக் குறைக்காதீர்கள்.

நிலையம் வருவதைப் பார்த்துப் பொத்தானை அழுத்த முடியாது. கண்டு, விரல் அசைவதற்குள் பாதி வட்டத்தைத் தாண்டியிருக்கும். 3 விநாடி முன்பே தொடங்கி, 3 விநாடி பின்பு வரை விடாமல் எடுக்க வேண்டும். விநாடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவில் ஐந்தாறு படங்களில் நிலையம் இருக்கும். சுருக்கப்படாத ரா (RAW) கோப்பாக எடுத்தால் பல கேமராக்களின் தற்காலிக நினைவகம் இரண்டரை விநாடியில் நிரம்பி, சரியாக நிலையம் வரும்போது திணறி நிற்கும். வீட்டிலேயே கடிகாரம் வைத்துச் சோதியுங்கள், திணறினால் ஜேபெக்குக்கு மாறுங்கள். வீடியோவிலும் ஷட்டரை 1/4000 வைக்கலாம், விநாடிக்கு 30 சட்டம் (ஃபிரேம்) என்றால் 15, 16 படங்கள் கிடைக்கும்.

கிரகப் படத்துக்கான கேமராவும் மடிக்கணினியும் வைத்திருப்பவர்களுக்கு, ஐஎம்எக்ஸ்174 போல எல்லாப் பிக்சலையும் ஒரே கணத்தில் படிக்கும் சென்சார் நல்லது. வரி வரியாகப் படிக்கும் சென்சார் ஓடும் பொருளைச் சற்றே சாய்த்துவிடும். ஐஎம்எக்ஸ்174-இன் அளவு 11.3க்கு 7.1 மி.மீ., ஆகவே 700 மி.மீ. குவியத்தூரத்தில் சூரியன் விளிம்பொட்டி அடங்கும். விநாடிக்கு 100 சட்டம் என்றால் ஒவ்வொரு விநாடியும் 235 எம்பி தரவு. பழைய ஹார்ட் டிஸ்க் இதைத் தாங்காது, எஸ்எஸ்டி வேண்டும். வெயிலில் திரை தெரியாது, மடிக்கணினியை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, தலையோடு கறுப்புத் துணி போர்த்திப் பாருங்கள்.

சூரியனைப் பின்தொடரும் மவுண்ட் (தொலைநோக்கித் தாங்கி) இல்லையே என்று தயங்குபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. சூரியன் விநாடிக்கு 15 விகலைதான் நகர்கிறது. 20 விநாடி முன்பு நடுவில் நிறுத்தினால், கடப்பின்போது 5 கலை, அதாவது 300 விகலை மட்டுமே விலகியிருக்கும். சாதா முக்காலியே போதும். உண்மையில் நம் ஊரில், பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துச் சுழலவிடும் நிலநடுக்கோட்டு மவுண்ட்தான் தொல்லை. அச்சை வெறும் 10.7 பாகைக்குத் தாழ்த்த வேண்டும், பல மவுண்ட்கள் அவ்வளவு இறங்காது, இறங்கினாலும் எடைக்கட்டி முக்காலிக் காலில் இடிக்கும். சூரியன் நேர் உச்சியில் நிற்கும்போது கேமராவும் காலில் முட்டும். சொல்லப்போனால் 60 முதல் 70 பாகை உயரக் கடப்பையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். உச்சியை ஒப்பிட்டால் 60 பாகையில் உருவம் எட்டில் ஒரு பங்குதான் சிறுக்கிறது, கழுத்துவலியும் மிச்சம்.

ஃபோகஸ் செய்யச் சூரியப் புள்ளியைப் பிடியுங்கள், புள்ளி இல்லாத நாளில் விளிம்பை. கேமராத் திரையில் தெரியும் நேரடிக் காட்சியை (லைவ் வியூ) பெரிதாக்கிக் கையால் திருப்புங்கள், தானியங்கி ஃபோகஸை அணைத்துவிடுங்கள். குழாய் வெயிலில் சூடேறி நீள்வதால் ஃபோகஸ் மெல்ல விலகும், கடைசி 5 நிமிடத்தில் மீண்டும் சரிபார்க்க வேண்டும். அதுவரை குழாயின் மேல் வெள்ளைத் துண்டு ஒன்றைப் போர்த்தி வைக்கலாம்.

இதை உச்சத்துக்குக் கொண்டு போனவர்களில் ஒருவர் பிரான்சின் வானியல் புகைப்படக்காரர் தியரி லெகோ. 2006 செப்டம்பரில், நிலையத்திலிருந்து பிரிந்துவந்த அமெரிக்காவின் அட்லாண்டிஸ் விண்வெளி ஓடமும் நிலையமும் அருகருகே சூரியனைக் கடப்பதை எடுத்தார். 2009 மே மாதம் ஃபுளோரிடாவுக்குப் போய், ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கச் சென்ற அட்லாண்டிஸைச் சூரியனுக்கு முன்னால் பிடித்தார். ஹப்பிள் 13 மீட்டர்தான், 500 கி.மீ. உயரத்தில் வெறும் 5 விகலை, அழுக்குப்புள்ளி போல இருக்கும். சீனாவின் தியான்கோங் விண்வெளி நிலையம் சர்வதேச நிலையத்தில் ஏறக்குறைய பாதி அளவு, இரண்டாவது முயற்சிக்கு ஏற்றது. சூரியனை ஆராயும் இந்திய விண்கலமான ஆதித்யா எல்1 தெரியுமா என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அது 15 லட்சம் கி.மீ. தொலைவில் இருக்கிறது, அதோடு சூரிய வட்டத்துக்குள் வராதபடிதான் சுற்றுகிறது. எந்தத் தொலைநோக்கிக்கும் அகப்படாது.

எடுத்தபின் படத்தில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் நிலையம் அல்ல. 10 கி.மீ. உயரத்தில் பறக்கும் 60 மீட்டர் விமானம் சூரியனின் குறுக்களவில் பாதிக்கு மேல் நீண்டிருக்கும். பருந்துக்குச் சட்டத்துக்குச் சட்டம் இறக்கை மாறும். நிலையம் உருவம் மாறாமல் நேர்கோட்டில், சம இடைவெளியில் வரும். சட்டங்களைச் சூரிய விளிம்பை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, ஜிம்ப் மென்பொருளில் அடுக்கின் முறையை 'டார்க்கன்' என்று மாற்றினால் எல்லா உருவங்களும் ஒரே படத்தில் கோத்து நிற்கும். கூர்மைப்படுத்துவதை அளவோடு செய்யுங்கள். மிஞ்சினால் நிலையத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றும், இல்லாத தகடுகளும் முளைக்கும்.

திசையையும் சோதிக்க வேண்டும். முக்காலியைத் தொடாமல் விட்டால் சூரியன் எந்தப் பக்கம் நகர்ந்து வெளியேறுகிறதோ அது மேற்கு. நிலையம் எப்போதும் மேற்கிலிருந்து கிழக்குப் பக்கமாகவே கடக்கும், சற்று வடக்கோ தெற்கோ சாய்ந்து. எந்தப் பக்கம் சாய்வு என்பதைக் கணிப்புப் படத்தோடு ஒப்பிடுங்கள். சாய்வு மாறியிருந்தால், இடையில் வைத்த கோணக் கண்ணாடி படத்தை இடம்வலம் மாற்றிவிட்டது என்று பொருள். படத்தைக் கிடைவாக்கில் ஒருமுறை புரட்டிவிட்டு, அதன் பிறகு வடக்கை மேலே வைத்துச் சேமியுங்கள்.