வீட்டுப் பேச்சில் கேளுங்கள்

(மனநல, குடும்ப ஆய்வுகளில் நோயறி நேர்காணலைப் பயன்படுத்துவது பற்றிய கருத்தரங்கில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

அவைத் தலைவர் அவர்களே, வேலைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, மனநலத் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து என்னைப் பதற வைத்துக்கொண்டிருக்கும் என் ஆசிரியர் ஐயா அவர்களே, சமூகப்பணித் தோழர்களே, கதவோரமாகப் பார்த்து இடம் பிடித்திருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். வரவேற்புரையில் என்னைப் பற்றி நிறையச் சொன்னார்கள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். என் வீட்டில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

துணைவேந்தர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். நேர்காணலுக்கென்று கதவு சாத்தக்கூடிய இரண்டு அறைகளை ஒதுக்கித் தந்தவர் அவர். அதற்கு முன்னால் மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டு, போகிறவர் வருகிறவர் பார்வையில் உட்கார வைத்து, “மனம் திறந்து பேசுங்கள்” என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த அறைகளுக்காகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் அம்மையார். அதையும் சொல்லாமல் விட்டால் பிசகு.

இன்று மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். நோயறி நேர்காணல், அதாவது வகுத்துவைத்த கேள்விகளைக் கேட்டு மனநோய் உண்டா என்று கண்டறிவது, ஏன் வந்தது, குடும்பத்தாரிடம் எப்படிக் கேட்பது, குழந்தைகளிடம் எப்படிக் கேட்பது. முதலாவதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலோருக்குத் தெரிந்ததுதான்.

1960களில் நியூயார்க் மருத்துவமனைகளில் மனச்சிதைவு என்று எழுதப்பட்ட நோயாளிகளின் விகிதம் லண்டனைவிட மிக அதிகம். அமெரிக்கர்களுக்கு அந்த நோய் கூடுதலாக வருகிறதா என்று கேள்வி எழுந்தது. ஒரு குழு இரண்டு ஊர்களிலும் ஒரே மாதிரியான நேர்காணலை நடத்தி, ஒரே அளவுகோலால் நோயைத் தீர்மானித்தது. வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. 1972இல் அது நூலாகவும் வந்தது. வேறுபட்டிருந்தவர்கள் நோயாளிகள் அல்ல, மருத்துவர்கள்! 1980இல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடான டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்பு ஒவ்வொரு நோய்க்கும் வெளிப்படையான அடையாளங்களை வகுத்துத் தந்தது. அவற்றைக் கேட்டறிய நேர்காணல் படிவங்களும் பெருகின.

அந்தப் படிவங்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்பிட்சரும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய ‘ஸ்கிட்’ (SCID) மாதிரி. பயிற்சி பெற்ற மருத்துவர் கேட்பார், புரியவில்லை என்றால் மாற்றிக் கேட்பார், உதாரணம் கேட்பார், கடைசியில் அந்த அறிகுறி உண்டா இல்லையா என்று தானே முடிவு கட்டுவார். மற்றது, சமூகவியலாளர் லீ ராபின்ஸ் குழு அமெரிக்காவில் ஐந்து இடங்களில் நடந்த பெரிய மக்கள் ஆய்வுக்காகச் செய்தது. கிட்டத்தட்ட 20,000 பேரிடம் கேட்க வேண்டும், அத்தனை மருத்துவர்களுக்கு எங்கே போவது? அதனால் மருத்துவர் அல்லாதவர்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். நிபந்தனை ஒன்றுதான்: அச்சிட்டிருப்பதை அச்சிட்டபடியே படிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ‘சிடி’ (CIDI) படிவமும் இந்த வழியில் வந்ததுதான்.

‘அச்சிட்டபடியே’ என்றேனே, என் வினை அங்கேதான் தொடங்கிற்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கையில் மொழிபெயர்த்த படிவம், பையில் நான்கு பேனா, முகத்தில் பெரிய அறிஞன் என்ற நினைப்பு. ஒரு வீட்டுக்குப் போனேன். நாற்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. பக்கத்திலேயே கணவர் வந்து உட்கார்ந்துகொண்டார். தனியாகப் பேச வேண்டும் என்று சொல்ல எனக்குக் கூச்சம். எனக்குக் கொடுத்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. நான் எழுத எழுத அது ஆட, அந்த அம்மாவின் பார்வை முழுக்க என் முகத்தில் இல்லை, நாற்காலிக் காலில். நான் விழுந்துவிடுவேன் என்று அவருக்குக் கவலை!

தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தேன்: “கடந்த இரு வாரங்களில், பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி நேரம், தாங்கள் மனச்சோர்வுக்கு ஆட்பட்டிருந்தீர்களா?” அந்த அம்மா கணவரைப் பார்த்தார். கணவர் என்னைப் பார்த்தார். “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்கா” என்றார். அந்த அம்மாவும் தலையசைத்தார். அடுத்த கேள்வி: “வழக்கமான செயல்பாடுகளில் நாட்டமின்மை ஏற்பட்டதா?” “செயல்பாடுன்னா?” என்றார். விளக்க எனக்கு அனுமதி கிடையாது. மறுபடி அதையே, கொஞ்சம் சத்தமாகப் படித்தேன். சத்தமாகப் படித்தால் புரிந்துவிடும் என்று யார் சொன்னார்களோ. “இல்லை” என்றார்.

இங்கே படிவத்தின் சூட்சுமம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மனச்சோர்வு நோய்க்கு ஒன்பது அடையாளம். அவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், நான் கேட்ட இந்த இரண்டில் ஒன்றாவது அதில் சேர்ந்திருக்க வேண்டும். அதனால் இவை இரண்டும் வாசற்கதவு மாதிரி. இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால், தூக்கம், பசி, சாவு நினைப்பு எதையும் கேட்காமல் அந்தப் பகுதியையே தாண்டிப் போகச் சொல்கிறது அம்புக்குறி. நானும் தாண்டினேன். இருபதே நிமிடத்தில் முடித்துவிட்டேன். என் வேகத்தை எண்ணி எனக்கே பெருமை.

செருப்பைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கணவர் உள்ளே போய்விட்டார். அந்த அம்மா வாசலுக்கு வந்து, தாழ்ந்த குரலில், “தம்பி, ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது. அப்புறம் தூக்கமே இல்லை. மனசு விட்டுப்போச்சு. எதுலயும் கை ஓடமாட்டேங்குது. இதெல்லாம் உங்க பேப்பர்ல வராதா?” என்றார். ஒரு கால் செருப்பில், ஒரு கால் தரையில், நான் நின்ற நிலை இன்னும் நினைவிருக்கிறது. பேப்பரில் வரும், அம்மா. நான்தான் தாண்டிவிட்டேன்.

மேற்பார்வையாளரிடம் போய் ஒப்புக்கொண்டேன். திட்டினார், ஆனால் மறுபடி அனுப்பினார். இந்தமுறை கணவரோடு பேச இன்னொருவரும் கூட வந்தார். “மனசு எப்படிம்மா இருக்கு, எப்போதிருந்து இப்படி?” என்று ஆரம்பித்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஏழு அடையாளம். அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பி வைத்தோம். கண்ணால் கண்டது நல்ல குடித்தனம், காதால் கேட்டது ‘இல்லை’. விசாரித்தது நான், தீர விசாரிக்கவில்லை.

சரி, குடும்பத்துக்கு வருவோம். 1950களின் கடைசியில் லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுனும் கூட்டாளிகளும் ஒன்றைக் கவனித்தார்கள். நீண்டநாள் மனநோயாளிகள் மருத்துவமனையை விட்டுப் போனபின், பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை விடுதியிலோ உடன்பிறந்தாரிடமோ தங்கியவர்கள் தேவலை. அன்பு இருக்கும் இடத்தில் ஏன் இப்படி? இதைத் தேடிப் போனதில் பிறந்தது கேம்பர்வெல் குடும்ப நேர்காணல். கேம்பர்வெல் என்பது லண்டனில் ஒரு பகுதி. நோயாளி இல்லாதபோது உறவினரைத் தனியாக உட்கார வைத்து, கடந்த சில மாதங்களில் வீட்டில் என்ன நடந்தது என்று பேச விடுவார்கள். முதலில் நான்கைந்து மணி நேரம் பிடித்தது, பிறகு அதை ஒன்றரை மணியளவுக்குக் குறைத்தார்கள்.

அதில் எனக்குப் பிடித்த விஷயம் இது. குறைகூறல் எத்தனை தடவை என்று ஒலிப்பதிவைக் கேட்டு எண்ணுவார்கள். எண்ணும்போது சொல்லை மட்டும் பார்ப்பதில்லை, குரலையும் கேட்பார்கள். “அவன் மத்தியானம் வரைக்கும் தூங்குறான்” என்பது செய்தியாகவும் இருக்கலாம், குத்தலாகவும் இருக்கலாம். எழுதிய தாளில் இரண்டும் ஒன்றே. கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1976இல் வெளியிட்ட ஆய்வில் ஆறும் அதற்கு மேலும் குறைகூறல் இருந்தால் அதிகம் என்று வைத்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகம் பார்த்து இருந்தவர்களுக்கு நோய் திரும்புவது கூடியது. இதை வைத்துக் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. பல வருடம் பார்த்துக்கொண்ட களைப்பும் குரலில்தான் தெரியும்.

இப்போது நான் எதற்கு வருகிறேன் என்று என் ஆசிரியருக்குத் தெரிந்துவிட்டது, சிரிக்கிறார். ஆமாம் ஐயா, பழைய பாட்டுத்தான். ஒரு தாயின் குத்தலும் ஏக்கமும் வீட்டுப் பேச்சில் வரும். “ஆட்பட்டிருந்தீர்களா” என்று நாம் கேட்டால் அவரும் பள்ளிக்கூடத்து நினைவில் விறைத்துக்கொண்டு “ஆம், இல்லை” என்பார். மொழிபெயர்ப்பைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்துவிட்டோம், மூலத்தோடு பொருந்துகிறது என்று சான்றிதழ் வைக்கிறார்கள். இரண்டு பண்டிதர்கள் ஒருவருக்கொருவர் ஒத்துப்போனார்கள் என்பதற்குத்தான் அது சான்று. களத்துக்குப் போகுமுன் படிப்பு வாசனை குறைந்த சிலரிடம் ஒவ்வொரு கேள்வியையும் படித்துக் காட்டி, “நான் என்ன கேட்டேன், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்” என்று கேட்டீர்களா? தீர விசாரிப்பது அங்கேயே தொடங்க வேண்டாமா? இதற்கு நாளும் பணமும் ஒதுக்காத ஆய்வுத் திட்டத்துக்கு நிதி கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. துணைவேந்தர் அவர்கள் இங்கே இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். குழந்தைகள் பற்றி ஒரு வாக்கியம் மட்டும்: 1987இல் ஆக்கன்பாக் என்ற உளவியலாளரின் குழு 119 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னதற்கும் மற்றவர்கள் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னதற்கும் இருந்த ஒட்டுறவு (முழுக்க ஒத்துப்போனால் 1, ஒட்டே இல்லை என்றால் 0) சராசரியாக 0.22தான். யாரை நம்புவது என்பதை இன்னொரு மேடையில் பேசிக்கொள்வோம்.

நான் சொன்ன கோரிக்கையை ஒரு நோட்டில் எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். அதுவும் வீட்டுப் பேச்சில்தான் எழுதியிருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன். போனதடவை நான்கு பேனா போய்விட்டது.