ஹொரோவிட்ஸ்: ஒரு சிற்றூரின் பெயர் பரவிய வழிகள்

அவையோருக்கு வணக்கம்.

செக் நாட்டில், பிராக் நகருக்குத் தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் ஹொர்ஷோவிட்சே என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து பிராக்கில் வந்து குடியேறிய யூதக் குடும்பத்துக்கு ஊரின் பெயரே நிலைத்தது. இன்று உலகெங்கும் கேட்கும் ஹொரோவிட்ஸ் அதுதான்.

ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787-இல், யூதர்கள் அனைவரும் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். அவர் ஆட்சியில் இருந்த யூதர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் அப்படி வந்தவை. ஹொரோவிட்ஸ் அப்படி வந்ததன்று. 1535-இலேயே ஆரோன் மெஷுல்லாம் ஹொரோவிட்ஸ் பிராக்கில் பிங்காஸ் தொழுகைக்கூடத்தைக் கட்டிவிட்டார். அதே குலத்தில் பிறந்த அறிஞர் ஏசாயா ஹொரோவிட்ஸ் பிராங்க்பர்ட்டிலும் பிராக்கிலும் ரபியாக, அதாவது யூத சமயகுருவாக இருந்து, 1621-இல் எருசலேமுக்குப் போனார். அவருடைய கல்லறை திபேரியாவில் இருக்கிறது. இத்தகையவர்களால்தான் அந்தப் பெயருக்கு மதிப்பு கூடியது.

மக்கள் கிழக்கே போலந்து, லிதுவேனியா, உக்ரைன் என்று நகர நகர, பெயரின் உருவமும் மாறியது. ரஷ்ய மொழியில் 'ஹ' ஒலிக்குத் தனி எழுத்து இல்லாததால் 'க' வந்து உட்கார்ந்தது. சோவியத் மிக் போர் விமானங்களை வடிவமைத்த இருவரில் ஒருவரான மிகயீல் குரேவிச், கணித அறிஞர் அடால்ஃப் ஹுர்விட்ஸ், கீவ் நகரில் வளர்ந்த பியானோ மேதை விளாதிமிர் ஹொரோவிட்ஸ் ஆகிய மூவர் தாங்கியதும் ஒரே பெயரின் மூன்று வடிவங்களே. 1881-க்குப் பின் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்கா சென்றபோது இந்த வடிவங்கள் எல்லாமே அவர்களோடு கப்பல் ஏறின.

அப்படியானால் இவர்கள் எல்லாரும் ஒரே தகப்பன் வழி மக்களா? இல்லை என்றே நான் உறுதியாகச் சொல்வேன். அதற்கு வலுவான சான்று, அன்று ஆஸ்திரிய ஆட்சியில் இருந்து இன்று போலந்துக்கும் உக்ரைனுக்கும் இடையே பிரிந்து கிடக்கும் கலீசியாவில் கிடைக்கிறது. ஆஸ்திரிய அரசின் அனுமதி பெற்று மணம் பதிவதற்குச் செலவும் அலைச்சலும் அதிகம் என்பதால், அங்கே பல யூதர்கள் சமயச் சடங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். அரசு அத்திருமணங்களை ஏற்கவில்லை. குழந்தைகளைத் தாயின் குடும்பப் பெயரில் பதிந்தது. தாய் ஹொரோவிட்ஸ் என்றால் பிள்ளையும் ஹொரோவிட்ஸ். முறையாக வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகளை முறையற்ற பிறப்பென்று ஏட்டில் எழுதிய கொடுமை அது. ஆனால் பெண்வழியாகவும் அந்தப் பெயர் பெருகியதற்கு அதுவே காரணமாயிற்று.

ஒரு குடும்பத்துக்குப் பெயர் தந்தை வழியில் வந்ததா, தாய் வழியில் வந்ததா என்று கண்டறியக் கல்லறைகள் உதவுகின்றன. மூல ஹொரோவிட்ஸ் குடும்பம் லேவியர் குலம், அதாவது பண்டைய எருசலேம் ஆலயத்தில் பணிசெய்த யூதக் குலம். ஆசாரியர்கள் எனப்படும் யூதக் குருக்களின் கைகளுக்கு நீர் வார்ப்பது லேவியர் கடமை. ஆகவே அவர்களுடைய கல்லறைக் கற்களில் நீர்க்குடம் செதுக்கும் வழக்கம் உண்டு. எபிரேய வாசகத்தில் பெயரோடு 'லேவி' என்றோ, லேவியரைக் குறிக்கும் சுருக்கப் பெயரான 'சேகல்' என்றோ எழுதுவார்கள். லேவியர் உரிமை தந்தை வழியில் மட்டுமே வரும். பதிவேட்டுப் பெயரோ தாய் வழியிலும் வரலாம். ஆகவே ஹொரோவிட்ஸ் என்று பெயர் இருந்தும் கல்லில் குடமோ லேவியர் குறிப்போ காணோம் என்றால், அந்தக் குடும்பத்தின் திருமணப் பதிவுகளையும் தாய்வழியையும் முதலில் பார்க்க வேண்டும். குடம் இல்லாதது மட்டுமே முடிவான சான்றாகாது. செதுக்கப் பணமில்லாத குடும்பங்களும் இருந்தன.