சூபாபுல் தழை தின்றால் மாட்டுக்கு முடி கொட்டுமா?

அடுத்த கேள்வி. "சூபாபுல் தழை போட்டால் மாட்டுக்கு முடி கொட்டும் என்கிறார்கள், ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் வருஷக்கணக்காகப் போடுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை, எது உண்மை?" என்று தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டுமே உண்மைதான் தம்பி.

சூபாபுல்லில், சில ஊர்களில் சவுண்டல் என்பார்கள், மைமோசின் என்று ஒரு நச்சு இருக்கிறது, அதுவும் கொழுந்தில்தான் அதிகம். முடி கொட்டுவது அதனால்தான். முதல் வயிற்றுக்குள் போனதும் அது டி.எச்.பி. என்ற வேறொரு பொருளாக மாறும், அது தைராய்டு சுரப்பியை வேலை செய்ய விடாது. கழுத்தில் வீக்கம் வரலாம், எச்சில் ஒழுகும், என்ன தின்றாலும் உடம்பு தேறாது.

ஆஸ்திரேலியாவில் இது பெரிய தலைவலியாக இருந்தது. அங்கே ரேமண்ட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி, ஹவாய் தீவில் ஆடுகள் இதே தழையைத் தின்றுவிட்டு நன்றாக இருப்பதைக் கவனித்து, அப்படியென்றால் விஷயம் தழையில் இல்லை, ஆட்டின் வயிற்றில் இருக்கிறது என்று சரியாகப் பிடித்தார். 1980-களில் ஹவாய் ஆட்டின் வயிற்றில் இருந்த பாக்டீரியாக்களைக் கொண்டுபோய் ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள், அதற்கப்புறம் அவையும் அந்தத் தழையைத் தாங்கின. 1992-ல் அந்த பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே சேர்த்து சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று பெயர் வைத்தார்கள். பிராணவாயு பட்டால் பிழைக்காது, சர்க்கரை, மாவுச்சத்து எதையும் தொடாது, டி.எச்.பி.யையும் சில அமினோ அமிலங்களையும் தின்றே வாழ்கிறது, எனக்கு இது இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. குவீன்ஸ்லாந்தில் மந்தையில் சில மாடுகளுக்கு மட்டும் இதை வாய்வழியாக ஊற்றுகிறார்கள், கூட மேய்கிற மாடுகளுக்கு அவற்றிடமிருந்து பரவிவிடும்.

சரி, உங்கள் மாட்டுக்கு வருவோம். பக்கத்துத் தோட்டத்து மாடு தின்று பழகிய மாடு, அதன் வயிற்றில் இந்தக் கிருமி இருக்கலாம், உங்களுடையதில் இருக்கிறதா என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் முதலில் ஒரு கைப்பிடி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், மீதி சோளத்தட்டை, நேப்பியர் புல் என்று கலந்து போடுங்கள். வால் முடி உதிர ஆரம்பித்தால் தழையை நிறுத்திவிட்டு கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள், முடி திரும்ப முளைத்துவிடும். ஆனால் முயல், குதிரை வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டு அள்ளிப் போட்டுவிடாதீர்கள், அவை அசை போடுவதில்லை, நச்சை முறிக்க மாட்டுக்கு இருக்கிற முதல் வயிறே அவற்றுக்குக் கிடையாது.