16 வயதிலும் 40 வயதிலும் ஒரே நாவல்

அவையோருக்கு வணக்கம்.

சிறுவன் ஒருவன் வளர்ந்து ஆளாகும் கதையைச் சொல்லும் நாவல்களை இளம் வயதிலேயே படித்துவிட வேண்டும், பிறகு படித்தால் ருசிக்காது என்று பலரும் சொல்வதுண்டு. இந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கான காரணத்தை சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை வார இதழில் தொடராக வந்த அந்நாவலில், பெற்றோரை இழந்த பிப்பை வளர்ப்பவர்கள் அவனுடைய அக்காவும் அவள் கணவரான கொல்லர் ஜோவும். யாரோ ஒருவர் மறைவாக அளிக்கும் பணத்தால் பிப் லண்டனில் கனவானாக வாழத் தொடங்கிய பின், ஜோ அவனைப் பார்க்க வருகிறார். பழக்கமில்லாத உடை கழுத்தை இறுக்க, தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கணப்படுப்பின் மேல்விளிம்பில் வைக்கிறார். அது விழுந்துகொண்டே இருக்கிறது, அவரும் பாய்ந்து பாய்ந்து பிடிக்கிறார். தாம் தூக்கி வளர்த்த பிள்ளையை 'ஐயா' என்று அழைக்கிறார். காசு கொடுத்து அவர் வருகையைத் தடுத்திருக்க முடியுமானால் கொடுத்தே இருப்பேன் என்று பிப்பே ஒப்புக்கொள்கிறான்.

16 வயதில் படிப்பவர் பிப்போடு சேர்ந்து கூசுகிறார்; இந்த மனிதர் சீக்கிரம் கிளம்பினால் தேவலை என்று தவிக்கிறார். நண்பர்கள் முன்னிலையில் தந்தையின் பேச்சும் உடையும் உறுத்தும் வயது அது. அதே பக்கங்களை, மகனின் விடுதி அறைக்குப் போய் எங்கே உட்காருவதென்று தெரியாமல் நின்றிருந்த ஒருவர் படிக்கும்போது அவர் கண்ணுக்கு ஜோ மட்டுமே தெரிகிறார். இந்த உடையில் நான் பொருந்தவில்லை, பட்டறைச் சன்னலில் தலையை நீட்டிப் பார், பழைய ஜோ தெரிவேன் என்று துளியும் கோபமின்றிச் சொல்லி அவர் விடைபெறும் இடத்தைத் தாண்டி உடனே படிக்க முடிவதில்லை.

இவ்விரு வாசிப்புகளுக்கும் நாவலுக்குள்ளேயே இடம் இருக்கிறது. எழுதத் தொடங்கியபோது டிக்கன்ஸுக்கு வயது 48. கதையைச் சொல்பவனும் அன்று கூசிய இளைஞன் அல்லன். பல ஆண்டுகள் கழித்து அதை எண்ணி வருந்தும் மூத்த பிப். அசோகமித்திரனும் செகந்திராபாத் இளமையைப் பேசும் 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலை 40 வயதைக் கடந்த பிறகே வெளியிட்டார்.

இளமை வாசிப்பை முதிராத வாசிப்பு என்று ஒதுக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. பிப்போடு ஒருமுறையேனும் கூசியிராதவருக்குப் பின்னாளில் ஜோவின் மீது வரும் பரிவு மேலோட்டமாகவே நின்றுவிடும். தாமும் அந்தக் கூச்சத்தில் பங்குகொண்டவர் என்ற உறுத்தல் அதில் இராது. ஆகவே இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இந்த அத்தியாயத்தை வகுப்பில் நடத்தும்போது, பிப் செய்தது தவறு என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், மாணவர்கள் முதலில் அவன் பக்கம் நின்றே படிக்கட்டும்.